நான்கு கை, ஒரு முதுகு

பஸ் டிரைவரின் இடது தோள்பட்டையில் கை வைத்த மாத்திரத்திலேயே முழங்கைக்குத் தெரிந்துவிட்டது, இங்கே வேறு யாருடைய கையோ வந்து போயிருக்கிறது.

முழங்கை என்பது அவள் பெயரல்ல, வாடிக்கையாளர்கள் கொடுத்த பட்டம். எப்பேர்ப்பட்ட பிடிப்பாக இருந்தாலும் முழங்கையை ஊன்றி மெதுவாக, ஆழமாக, போன உயிர் திரும்பி வருகிற மாதிரி அழுத்துவாள். திட்டிக்கொண்டே படுப்பார்கள், கும்பிட்டுக்கொண்டே எழுந்திருப்பார்கள்.

“போன வாரம் எங்க போயிருந்தீங்க?” என்றாள்.

மசாஜ் மேஜையின் தலைமாட்டில் முகம் வைத்துக்கொள்ள ஓர் ஓட்டை உண்டு. அதற்குள் முகத்தைப் புதைத்திருந்த டிரைவரின் குரல் தரையிலிருந்து வந்தது. “எங்கயும் போகலையேம்மா. வண்டிதான் ஓட்டினேன்.”

“பொய். நான் வச்சுட்டுப் போன முடிச்சைக் காணோம்.”

“முடிச்சை வச்சதே நீங்கதானா?”

“போன தடவை பாதி அவிழ்த்தேன். மீதியை இந்த வாரம் எடுக்கலாம்னு விட்டு வச்சேன். யாரோ அவசரமா கட்டைவிரலால நோண்டி எடுத்திருக்காங்க. சுத்துவட்டாரமெல்லாம் மாவு பிசைஞ்ச மாதிரி கிடக்கு.”

“நீங்க கடையைச் சாத்திட்டுப் போயிட்டீங்க. எதிர்க்கடை திறந்திருந்தது. கழுத்து மட்டும்தாம்மா” என்றார் டிரைவர்.

“எல்லாரும் கழுத்து மட்டும்னுதான் ஆரம்பிப்பாங்க” என்று சொல்லி, முழங்கையை இறக்கினாள். டிரைவர் தன் பஸ்ஸின் ஹாரனைப் போல ஒரு சத்தம் கொடுத்தார்.

எதிர்க்கடைக்காரி கட்டைவிரல். அவளுக்கும் அது பட்டம்தான். வேகமான விரல்கள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, டைப் அடிக்கிற மாதிரி முதுகில் ஓடுவாள். இரண்டு கடைக்கும் நடுவே நாலு பேர் நடக்கிற அகலத்தில் ஒரு நடைபாதை. அந்த நடைபாதையைத் தாண்டி இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. இத்தனைக்கும் கட்டைவிரல் வேறு யாருமில்லை, முழங்கையின் நாத்தனார்.

நாத்தனார் ஆவதற்கு முன்னால் அவள் உயிர்த்தோழி. மசாஜ் பயிற்சிப் பள்ளியில் இரண்டு பேரும் நகமும் சதையுமாகத் திரிந்தவர்கள். கடைசிப் பரீட்சைக்கு ஆளுக்கொரு உடம்பு கொண்டுவர வேண்டும். முழங்கைக்கு வருவதாகச் சொன்ன உடம்பு அன்று காலையில் காய்ச்சலில் படுத்துவிட்டது. தோழி அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் கட்டைவிரல் தன் அண்ணனைத் தரதரவென்று இழுத்து வந்து மேஜையில் கிடத்தினாள். அந்த உடம்பில் முழங்கைக்கு முதலிடம் கிடைத்தது. உடம்பைக் கொடுத்தவளுக்கு இரண்டாமிடம். சரி, பரீட்சை முடிந்ததும் உடம்பையாவது திருப்பிக் கொடுத்தாளா என்றால் அதுவும் இல்லை, கல்யாணம் செய்துகொண்டாள்.

“எங்க அண்ணனை வச்சே என்னைத் தோற்கடிச்சவ” என்பது கட்டைவிரலின் நிரந்தரக் குற்றச்சாட்டு. பிறகு இருவரும் சேர்ந்து ஒரு கடை போடுவதாகத்தான் இருந்தது. போர்டில் யார் பட்டம் மேலே வருவது என்பதில் தகராறு வந்தது. போர்டு எழுதுகிறவரோ முழங்கையின் கணவர், கட்டைவிரலின் அண்ணன். அவர் தொழிலே அதுதான். பாவம், ஒரு வாரம் தூரிகையும் கையுமாக நின்று பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டு போர்டு எழுதினார். அதனால் இரண்டு கடை.

இப்போது அந்த இரண்டு கடைக்கும் ஒரே கத்தி. கட்டடத்துக்காரர் மாத முடிவுக்குள் எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். முழங்கை போன வாரம் கடையைச் சாத்தியது இடம் தேடத்தான். மசாஜ் என்றதும் சில வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். சிலர் கதவைச் சாத்தாமல் ஒரு தினுசாகச் சிரித்தார்கள். அதற்குச் சாத்தியதே மேல். இடம் கிடைக்காவிட்டால் மிச்சமிருப்பது பெரிய கடைவளாகத்தில் இருக்கும் மசாஜ் பார்லர் ஒன்றுதான். அங்கே அவள் முன்பு வேலை பார்த்திருக்கிறாள். நேரம் முடிந்ததும் மணி அடிப்பார்கள். மணி அடித்தால் கையை எடுத்துவிட வேண்டும். முடிச்சு பாதியில் இருந்தாலும் சரி, வாடிக்கையாளர் அப்போதுதான் மூச்சு விட ஆரம்பித்திருந்தாலும் சரி. பாதி முடிச்சோடு எழுந்து போன முதுகுகள் அவள் கனவில் வரிசையாக வந்ததுண்டு. செத்தாலும் அந்த மணிக்குக் கீழே திரும்பிப் போவதில்லை என்று சபதம் போட்டிருந்தாள்.

டிரைவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே தன் பாவத்துக்குப் பரிகாரம் செய்தார். “பஸ் நிலையத்துப் பக்கத்துல புதுசா ஹோட்டல் திறந்திருக்காங்கல்ல, அங்க மசாஜுக்குன்னு தனி அறையே கட்டி வச்சிருக்காங்க. ஆள்தான் தேடறாங்களாம். போய்ப் பாருங்கம்மா.”

முழங்கை அன்று மத்தியானமே போய் நின்றாள்.

ஹோட்டல் மேனேஜரம்மா ஒரு காதில் ஒரு போனும் மறு தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இன்னொரு போனுமாக உட்கார்ந்திருந்தாள். அந்தக் கழுத்தைப் பார்த்ததும் முழங்கைக்குக் கை துறுதுறுத்தது. மேனேஜரம்மா இரண்டு போனிலும் இரண்டு பேரைத் திட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எங்களுக்கு வேண்டியது நாலு கை மசாஜ். ரெண்டு பேர், ஒரே உடம்பு, ஒரே நேரம். வெளியூர் விருந்தாளிங்க அதைத்தான் கேக்கறாங்க. தனி ஆள் வேண்டாம். ஜோடியா வாங்க. வெள்ளிக்கிழமை நானே படுத்துப் பாக்கறேன். பிடிச்சா அறை உங்களுக்கு.”

“ஜோடிக்கு நான் எங்கம்மா போவேன்?”

“உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க வந்தாங்க. அவங்களும் இதையேதான் கேட்டாங்க” என்று மேனேஜரம்மா மறுபடி போனைக் கவ்விக்கொண்டாள்.

முழங்கை உட்கார்ந்திருந்த நாற்காலியில் லேசாகப் புதினா எண்ணெய் வாசனை. இந்த ஊரில் புதினா எண்ணெய் கலக்குகிற ஆள் ஒருத்திதான். அவளையே கேட்டுவிடுவது என்று முழங்கை பாதி வழி நடப்பதற்குள் முடிவு செய்து, மீதி வழியில் அந்த முடிவை மாற்றி, நடைபாதைக்கு வந்து சேர்ந்தபோது எதிர்க்கடை வாசலில் கட்டைவிரல் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“ஹோட்டலுக்குப் போனீங்களா, அண்ணி?” அண்ணி என்ற அந்த ஒரு சொல்லில் அவள் தடவியிருந்த மரியாதையின் காரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது.

“போனேன். உன் வாசனை அங்க உட்கார்ந்திருந்தது.”

“ஜோடி வேணுமாம்.”

“கேள்விப்பட்டேன்.”

“நான் வேற ஆள் பாத்துட்டேன்னு நினைச்சுக்காதீங்க. பாத்தேன். யாரும் கிடைக்கல.”

“நானும்தான்.”

“அப்ப?”

“அப்ப என்ன, உள்ள வா. செருப்பை வெளிய விடு.”

பழகிப் பார்க்க ஓர் உடம்பு வேண்டுமே. அதற்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் உடம்புதான் தகுதியானது. போர்டுக்காரர் ஏணியிலிருந்து இறக்கி அழைத்து வரப்பட்டார். மனைவியும் தங்கையும் ஒரே அறையில் நிற்பதைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று அவர் முகம் வெளுத்தது. விஷயத்தைச் சொன்னதும் இன்னும் வெளுத்தது.

“ரெண்டு பேரும் சேர்ந்தா? ஒரே நேரத்துலயா?”

“சட்டையைக் கழட்டுங்க” என்றாள் மனைவி.

“படுண்ணே” என்றாள் தங்கை.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நாலு கை என்றால் ஒருத்தி முன் கை, இன்னொருத்தி பின் கை. முன் கை எங்கே போகிறதோ பின் கை அதைக் கண்ணாடி மாதிரி மறு பக்கத்தில் செய்ய வேண்டும். அதே வேகம், அதே அழுத்தம். படுத்திருப்பவருக்கு எது யார் கை என்று தெரியவே கூடாது. இரண்டு பேரும் இதைப் பாடமாகப் படித்தவர்கள். ஆனால் யார் முன் கை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. ஆகவே இருவரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் முதுகெலும்பை எல்லைக்கோடாக வைத்துக்கொண்டார்கள். வலது பக்கம் முழங்கைக்கு, இடது பக்கம் கட்டைவிரலுக்கு.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. கட்டைவிரல் தன் பக்கத்துத் தோளை ஒரு சுற்று முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். முழங்கை அந்தப் பார்வையைப் பார்த்தாள். அவ்வளவுதான். முழங்கை இன்னும் ஆழமாக இறங்கினாள். கட்டைவிரல் இன்னும் வேகமாக ஓடினாள். ஓட்டைக்குள்ளிருந்து, “உங்க ரெண்டு பேர் காலு மட்டும்தான் எனக்குத் தெரியுது. அந்தக் காலையே பிடிச்சுக் கேக்கறேன், கொஞ்சம் மெதுவா” என்று ஒரு குரல் வந்தது. யார் காதிலும் விழவில்லை.

அவர் எழுந்து நின்றபோது இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வலது தோள் தளர்ந்து தொங்கியது. இடது தோள் விடைத்துக் காதைத் தொட்டது. நேராகக் கதவைப் பார்த்து நடக்கிறேன் என்று புறப்பட்டவர் வளைந்து போய் அலமாரியில் முட்டிக்கொண்டார்.

மறுநாள் ஒரு மருந்துக் கடைக்கு அவர் எழுதிய போர்டு முதல் எழுத்தில் கூரையைத் தொட்டு, கடைசி எழுத்தில் ஜன்னலுக்குள் விழுந்தது. கடைக்காரர் போர்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு மாத்திரை எடுத்து வந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மறுபடி படுக்க வைத்தார்கள். இந்த முறை தகராறு வாய்விட்டே வந்துவிட்டது.

“நான் முன் கை. ஆழம் என்னோடது. நீ பின்னாலயே வா.”

“உங்க வேகத்துக்கு நான் வந்தா ஆள் படுத்த இடத்துலயே வயசாகிப் போவாரு.”

“உன் வேகத்துக்கு வந்தா அவரு மேஜையை விட்டே ஓடிப்போவாரு.”

“பரீட்சைல முதல்ல வந்தது நீங்கதானே, அதனால இதுலயும் நீங்கதான் முன்னாடி, அப்படித்தானே? அந்த முதலிடம் யார் போட்ட பிச்சை?”

“வாங்கிக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் அடுத்தவங்க கொடுப்பாங்க.”

மேஜை மேல் ஏதோ நகர்ந்தது. போர்டுக்காரர் ஓட்டையிலிருந்து தலையை உருவி எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தைச் சுற்றி வட்டமாக ஓட்டையின் தடம். சாதுவான மனுஷன் கோபப்பட்டால் எப்படி இருக்கும் என்பது அவருக்கே தெரியாததால், வழக்கமான குரலில்தான் சொன்னார்.

“சின்ன வயசுல பொம்மைக்கு அடிச்சுக்கிட்டு ஆளுக்குப் பாதியா கிழிப்பாங்க பாரு, அந்த மாதிரி இருக்கு எனக்கு. யாரு முன்ன, யாரு பின்னன்னு முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் இந்த உடம்பு வராது.”

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனார். அவர்கள் முடிவு பண்ணவில்லை. வெள்ளிக்கிழமை வந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது போர்டுக்காரர் தட்டைப் பார்த்தபடியே ஒரு செய்தி சொன்னார். “தங்கச்சி நேத்து அந்தப் பெரிய கடைவளாகத்துப் பார்லர்ல போய் வேலை கேட்டுட்டு வந்திருக்கா. ஹோட்டல் சரிப்படாதுன்னு முடிவே பண்ணிட்டா போல. ஒரு நாள் பழகிப் பாக்கச் சொன்னாங்களாம். வரும்போது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கேட்டா புதினா எண்ணெய் பட்டுச்சுங்கறா.”

முழங்கை பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள். அந்த மணிச்சத்தம் அவள் காதில் அடித்தது. மணி அடித்ததும் பாதியில் நிற்கும் அந்த விரல்களைக் கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே ஓடுகிற விரல்கள். அவற்றைப் போய் மணி அடித்து நிறுத்துவதா?

நாளைக்கு அந்த அறை கிடைத்தே ஆக வேண்டும். எனக்கும் வேண்டும், அவளுக்கும் வேண்டும். முன் கை அவளே இருந்துவிட்டுப் போகட்டும், நான் பின் கை. முழங்கை இப்படி முடிவு செய்தாள். ஆனால் இதை வாய்விட்டு அவளிடம் சொல்வதா? சொன்னால் பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் சொல்லிக் காட்டுவாளே. சொல்ல வேண்டாம். கையிலேயே காட்டிக்கொள்ளலாம். நாளைக்கு ஹோட்டலுக்கு வந்துவிடும்படி மட்டும் கணவரிடம் அவளுக்குச் சொல்லியனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை ஹோட்டல் அறையைப் பார்த்ததும் முழங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். நல்ல வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். கை கழுவ உள்ளேயே குழாய். இடுப்பு வலிக்காத உயரத்தில் மேஜை. சுவரில் எங்கேயும் மணி இல்லை. இரண்டு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டாள்.

மேனேஜரம்மா இரண்டு போனையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, துண்டைப் போர்த்துக்கொண்டு குப்புறப் படுத்தாள். “எனக்கு எது யார் கைன்னு தெரியக்கூடாது. தெரிஞ்சுதுன்னா எழுந்து போயிடுவேன்” என்று ஓட்டைக்குள்ளிருந்து உத்தரவு வந்தது.

எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலது பக்கத்தில் முழங்கையும் இடது பக்கத்தில் கட்டைவிரலும் கைகளை முதுகில் வைத்தார்கள்.

முழங்கை காத்திருந்தாள். அவள் பின் கை அல்லவா, முன் கை நகர்ந்தால் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

முன் கை நகரவில்லை.

முழங்கை தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தாள். எதிரே கட்டைவிரலும் அதே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம்பியேன் என்று முழங்கை புருவத்தை அசைத்தாள். நீங்க ஆரம்பிங்க என்று கட்டைவிரல் தாடையை அசைத்தாள். இல்லை, நீ. இல்லவே இல்லை, நீங்கதான். நாலு கையும் இறக்கி வைத்த மூட்டை மாதிரி முதுகில் அப்படியே கிடந்தன.

போச்சு, இப்போது எழுந்துவிடுவாள் என்று முழங்கை நினைத்தாள். ஆனால் மேனேஜரம்மா எழவில்லை. உள்ளங்கைக்குக் கீழே அந்த முதுகு ஒரு நீண்ட மூச்சை இழுத்து விட்டது. இன்னொன்று விட்டது. போனைக் கவ்விக் கவ்விக் கல்லாகியிருந்த அந்தக் கழுத்து, யாரும் தொடாமலே கொஞ்சம் கீழே இறங்கியது. இத்தனை நேரம் யாரும் எதையும் கேட்காமல், எதையும் செய்யச் சொல்லாமல் அந்த அம்மாள் மேல் சும்மா கை வைத்திருந்ததே இல்லை போலிருக்கிறது.

அப்போதுதான் முழங்கைக்கு மெல்ல விளங்கியது. ஒரு பின் கை காத்திருக்கிறது, சரி. எதிரே காத்திருப்பதும் பின் கைதான். இவளும் நேற்று எங்கேயோ உட்கார்ந்து, என்னை மாதிரியே முடிவு செய்திருக்கிறாள். என்னை மாதிரியே வாயைத் திறக்காமல் வந்திருக்கிறாள். இத்தனை நாள் முன்னால் போக அடித்துக்கொண்ட இரண்டு கழுதைகளும் இன்று பார்த்து ஒரே நேரத்தில் பின்னால் வந்து நிற்கின்றன.

கட்டைவிரலின் முகத்திலும் அதே சமயம் அதே வெளிச்சம். அவள் உதட்டைக் கடித்தாள். மூக்கு விடைத்தது.

சிரிப்பு என்பது அடக்க அடக்கக் கீழே இறங்குகிற சாமான். முழங்கை அதைத் தொண்டையில் அடைத்தாள். அது நெஞ்சுக்குப் போனது. நெஞ்சில் அடைத்தாள். வயிற்றுக்குப் போய்க் குலுங்கியது. வயிற்றிலிருந்து வேறு வழியில்லாமல் தோளுக்கு ஏறி, கை வழியாக மேனேஜரம்மாவின் முதுகில் இறங்கியது. அந்தப் பக்கமும் அதே கதை. இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்ததால் இரண்டு குலுக்கலும் ஒரே தாளத்தில் இருந்தன. நாலு கையும் அதிர்ந்தன, மேஜை அதிர்ந்தது, எண்ணெய்க் கிண்ணம் கிணுகிணுவென்றது. கட்டைவிரலின் கண்ணில் தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கை இல்லை.

எப்போது கைகள் நகர ஆரம்பித்தன என்று முழங்கைக்குத் தெரியாது. யார் முதலில் நகர்த்தியது என்றும் தெரியாது. அந்த அதிர்வோடேயே தோளுக்குப் போனார்கள், அங்கிருந்து இடுப்புக்கு இறங்கினார்கள். முழங்கையின் ஆழம் கொஞ்சம் மேலே வந்திருந்தது. கட்டைவிரலின் வேகம் கொஞ்சம் அடங்கியிருந்தது. ஒரு கட்டத்தில் முழங்கை குனிந்து பார்த்து, எண்ணெயில் மினுங்கும் நாலு கையில் தன்னுடையது எந்த இரண்டு என்று ஒரு நொடி குழம்பிப்போனாள்.

எல்லாம் முடிந்து மேனேஜரம்மா எழுந்து உட்கார்ந்தபோது கன்னத்தில் சதை இருப்பதே முதல் தடவையாகத் தெரிந்தது. கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். எங்கேயும் இடிக்கவில்லை.

“ஆரம்பத்துல ஒண்ணுமே செய்யாம இருந்தீங்களே, அது என்ன?”

முழங்கை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைக்கப் போனாள். கட்டைவிரல் கண் இமைக்காமல் சொன்னாள். “அது எங்க குடும்பத்து முறைங்க. முதல்ல உடம்பு எங்களை நம்பணும்.”

“அதுக்கப்புறம் அந்த அதிர்வு?”

“அதுவும் குடும்பத்து முறைதாங்க” என்றாள் முழங்கை.

“நான் படுத்திருந்த இடத்துலேர்ந்து உங்க நாலு காலும் தெரிஞ்சுது” என்றாள் மேனேஜரம்மா. “விரலை மடக்கிக்கிட்டு, ஒரு காலை இன்னொரு காலால மிதிச்சுக்கிட்டு என்ன பாடு பட்டீங்கன்னு பாத்தேன். எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. எதுக்குன்னு தெரியாம சிரிச்சுச் சிரிச்சு வயித்து வலி. இந்த மேஜைல சிரிச்சதுலதான் பாதி வலி போச்சு.” அலமாரியைத் திறந்து சாவி ஒன்றை எடுத்தாள். “அறை உங்களுக்கு. திங்கள்கிழமை வந்துடுங்க. இதை யார் கைல கொடுக்கணும்? ரெண்டு பேர்ல யார் பொறுப்பு?”

“நான்தான்” என்றாள் முழங்கை.

“நான்தான்” என்றாள் கட்டைவிரல், அதே மூச்சில்.

“நல்லது. பொறுப்பாளர்தான் விடியக்காலைல வந்து முந்தின நாள் துண்டு எல்லாத்தையும் துவைக்கப் போடணும்.”

கட்டைவிரல் ஓரடி பின்வாங்கினாள். “அண்ணி, வயசுல மூத்தவங்க நீங்க இருக்கும்போது நான் எப்படி?”

“ஆறு மாசம்தான் மூத்தவ நான். சுறுசுறுப்பு உனக்குத்தாண்டி. ஊரே சொல்லுது.”

“பரீட்சைல முதல்ல வந்தது யாரு?”

“உடம்பு கொடுத்தது யாரு? அந்தப் பெருமை முழுக்க உனக்குத்தான். வாங்கிக்கோ சாவியை.”

“ஆழமா அலசணும் அண்ணி, இல்லன்னா துண்டுல எண்ணெய் போகாது. உங்க முழங்கைதான் சரி.”

மேனேஜரம்மா சாவியை மேஜையோரத்தில் வைத்தாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துண்டை இழுத்துப் போர்த்துக்கொண்டு மறுபடி குப்புறப் படுத்தாள்.

“சண்டையைக் காத்துல விடாதீங்க” என்று ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. “இங்க, வலது தோளுக்குக் கொஞ்சம் கீழ வச்சுப் போடுங்க.”